கொழுந்தை நிறுக்கிறோம், பிள்ளையை நிறுக்கிறோமா?

(மன்னார் மாவட்டம், பாப்பாமோட்டையில் நடந்த சங்க உறுப்பினர் குடும்ப ஒன்றுகூடலில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

தோழர்களே, தோட்டத் தலைவர்களே, மாதர் தலைவிகளே, மலையிலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் வந்து சேர்ந்த உறவுகளே, 1977க்கும் 1983க்கும் பிறகு மலையை விட்டு வந்து இந்த வன்னி மண்ணில் வேர் பிடித்த சொந்தங்களே,

முதலில் ஒரு வேண்டுகோள். கைப்பிள்ளையோடு வந்திருக்கிற தாய்மார் பிள்ளை அழுதால் எழுந்து வெளியே போக வேண்டாம். இங்கேயே பால் கொடுங்கள். இன்றைய பேச்சு அந்தப் பிள்ளைகளைப் பற்றியதுதான். அவர்கள் சத்தம் போட்டால் நான் கொஞ்சம் உரத்துப் பேசிக்கொள்கிறேன்.

ஏன் இந்த ஊரில் கூடினோம் என்று சிலர் கேட்டார்கள். இங்கிருந்து கொஞ்சத் தூரத்தில்தான் மன்னார்ப் பாலம். அதற்கு அப்பால் தலைமன்னார். நம் பாட்டன் பூட்டன் கடலைக் கடந்து கால் வைத்த கரை இது. இந்தக் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். 2023ஆம் ஆண்டு, மலையகத்துக்கு 200 வருடம் என்று நினைவுகூர்ந்தபோது, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளை போய்ச் சேர்ந்த நடைபயணத்தில் உங்களில் சிலரும் நடந்திருப்பீர்கள். நான் இரண்டே இரண்டு நாள்தான் நடந்தேன். கையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது, தார் ரோடு இருந்தது, ராத்திரி படுக்க இடம் இருந்தது. அப்படியும் கால் கொப்பளித்துவிட்டது. அந்தக் காலத்தில் முதுகில் பிள்ளையைத் துணியில் கட்டிக்கொண்டு நடந்த தாயை நினைத்துப் பாருங்கள். கங்காணியின் துண்டில் நம் கடன் கணக்கு எழுதப்பட்டது. வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் போன கைப்பிள்ளைகளின் கணக்கை யார் எழுதினார்கள்?

அந்தக் கணக்கைப் பற்றித்தான் பேச வந்தேன். இன்றைக்கு நம் பிள்ளையின் கணக்கை யார் பார்க்கிறார்கள்?

மலையில் கொழுந்து எடுக்கிற அக்காமாருக்குத் தெரியும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை கொழுந்து நிறுவை நடக்கிறது. தராசு முள் எங்கே நிற்கிறது என்று எட்டி எட்டிப் பார்க்கிறோம். தண்ணிக்கு என்று ஒரு கிலோ கூடக் கழித்தால் சண்டைக்குப் போகிறோம். போகத்தான் வேண்டும், அது நம் உழைப்பு. ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை நம் பிள்ளையைத் தராசில் வைக்கும்போது முள் எங்கே நின்றது என்று எத்தனை பேர் பார்த்தோம்? போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு என்று எத்தனை பேருக்கு மனப்பாடம்?

என் பிள்ளையின் கொப்பி

உங்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. முதலில் என் கதையைச் சொல்கிறேன்.

என் மகன் பிறந்தபோது 2.9 கிலோ. நல்ல நிறை. ஆறு மாதம் வரை நன்றாக வளர்ந்தான். நான் பாடசாலைக்குத் திரும்பிவிட்டேன், மாமி பார்த்துக்கொண்டார். ஏழாம் மாதம் 7.4 கிலோ. எட்டாம் மாதம் 7.5. ஒன்பதாம் மாதம் 7.5. பத்தாம் மாதமும் 7.5. பிள்ளை சிரிக்கிறான், தவழ்கிறான், வருத்தம் ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நாற்பது பிள்ளைகளின் புள்ளிகளைக் கூட்டிக் கழித்து எழுதுகிற டீச்சருக்குத் தன் பிள்ளையின் கோட்டை வாசிக்கத் தெரியவில்லை.

மிட்வைப்தான் கொப்பியை விரித்துக் காட்டினார். "டீச்சர், இந்தக் கோட்டைப் பாருங்க. நிக்க வேண்டிய கோடு படுத்துக் கிடக்குது" என்றார். பிள்ளை இன்னும் பச்சைக்குள்தான் இருந்தான். ஆனால் மூன்று மாதம் ஏறவில்லை. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் பச்சையைத் தாண்டிக் கீழே போயிருப்பான்.

வீட்டுக்கு வந்து விசாரித்தேன். மாமி ஒரு குறையும் வைக்கவில்லை. காலையில் தண்ணியான கஞ்சி. பத்து மணிக்குச் சாயத் தண்ணியில் தோய்த்த பிஸ்கட். பகலுக்குச் சோற்றைக் கரைத்து வடித்த தண்ணி. "இப்படித்தாம்மா நாங்க எல்லாப் புள்ளையையும் வளர்த்தோம்" என்றார். உண்மைதான். அவருக்கு அவருடைய மாமி சொல்லிக் கொடுத்தது அதுதான். அந்தக் காலத்தில் லயத்தில் வேறு என்ன இருந்தது?

மாற்றியது பெரிய விசயங்கள் இல்லை. கஞ்சிக்குப் பதில் குழைத்த சோறும் பருப்பும். அதில் ஒரு கரண்டி தேங்காய்ப்பால். ஒரு நாளைக்கு ஒரு முட்டை, இல்லாவிட்டால் வறுத்து இடித்த நெத்தலிப் பொடி. சாயத் தண்ணி நிறுத்தம். மாலையில் ஊட்டுகிற வேலை அவன் அப்பாவுக்கு. ஒரு வயதில் 8.4 கிலோ. கோடு மறுபடி எழுந்துவிட்டது. அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான். அதனால்தான் இந்தப் பேச்சு.

கோட்டை வாசிப்பது எப்படி

பிள்ளை பிறந்ததும் அரசாங்கம் ஒரு கொப்பி தருகிறது. அதை ஊசி போட்ட திகதி பார்க்க மட்டும்தான் திறக்கிறோம். உள்ளே வளர்ச்சிக் கோடு போடுகிற பக்கம் இருக்கிறது. வாசிக்கப் படிப்பு தேவையில்லை. மூன்று விசயம் பார்த்தால் போதும்.

கோடு மேலே ஏறினால் நல்லது. படுத்தால் எச்சரிக்கை. கீழே இறங்கினால் உடனே கிளினிக். பிள்ளை எந்த நிறத்தில் இருக்கிறது என்பதைப் போலவே கோடு எந்தத் திசையில் போகிறது என்பதும் முக்கியம். சின்னதாகப் பிறந்த பிள்ளை கீழ்க் கோட்டிலேயே இருந்தாலும், தன் கோட்டை ஒட்டி ஏறிக்கொண்டே போனால் அவ்வளவு பயம் இல்லை. கொழுகொழு பிள்ளையின் கோடு மூன்று மாதம் படுத்துக் கிடந்தால் பயப்பட வேண்டும்.

பொதுவான கணக்கு ஒன்று. பிறந்த நிறை ஐந்து மாதமளவில் இரண்டு மடங்காகும், ஒரு வயதில் மூன்று மடங்காகும். பிறக்கும்போது 50 சென்ரிமீற்றர் நீளமான பிள்ளை ஒரு வயதில் 75 சென்ரிமீற்றர் வரும். வாழ்நாளில் இந்த வேகத்தில் நாம் மறுபடி வளர்வதே இல்லை. மூளையும் அப்படித்தான். இரண்டு வயதுக்குள் அதன் வளர்ச்சியில் பெரும்பங்கு முடிந்துவிடுகிறது. வயிற்றில் இருக்கிற 270 நாளும், பிறந்த பின் இரண்டு வருடமும் சேர்த்து ஆயிரம் நாள். அந்த ஆயிரம் நாளில் விட்டதைப் பிறகு பிடிப்பது மிகக் கஷ்டம்.

இரண்டு வயது வரை மாதா மாதம் நிறுக்க வேண்டும். நிறையோடு நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். நிறை குறைவது காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் நடக்கும், சீக்கிரம் திரும்பும். உயரம் குறைவது மெதுவாக, மாதக்கணக்கில் நடக்கும். அதைக் கண் காட்டிக் கொடுக்காது, அளவுகோல்தான் காட்டிக் கொடுக்கும்.

2016ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டத்தில் மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 32 பேர். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மூன்று பிள்ளைகளில் ஒரு பிள்ளை.

இதைச் சொன்னால் தோட்டத்தில் ஒரு பதில் வரும். "டீச்சர், நாங்க பரம்பரையாவே குட்டைதான்." அப்படி இல்லை, அண்ணன்மாரே. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் பிள்ளைகளை அளந்தது. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா. தாய்ப்பால், நல்ல சாப்பாடு, சுத்தமான தண்ணீர், வைத்தியம் எல்லாம் கிடைத்த பிள்ளைகள். வெள்ளைக்காரப் பிள்ளை, கறுப்பினப் பிள்ளை, டெல்லிப் பிள்ளை எல்லாரும் முதல் ஐந்து வருடத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். அதை வைத்துத்தான் 2006இல் இன்றைய வளர்ச்சிக் கோடுகளை வெளியிட்டார்கள். ஆகவே நம் பிள்ளை குட்டையாக இருப்பது இரத்தத்தில் வந்தது என்று விட்டுவிட முடியாது. பல தலைமுறையாக அரைவயிறாக இருந்த தாய், பத்தடிக் காம்பரா, அடுப்புப் புகை, அசுத்தத் தண்ணி, தனக்கென்று நேரமே இல்லாத வேலை, இவற்றிலிருந்து வந்தது. இரத்தத்தை மாற்ற முடியாது. இவற்றை மாற்றலாம்.

ஆறு மாதத்துக்குப் பிறகுதான் சறுக்குகிறது

தாய்ப்பாலில் இந்த நாடு உலகத்துக்கே முன்மாதிரி. அதே 2016 அளவீட்டில், ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டும் குடிக்கிறார்கள். நாம் சறுக்குவது அதற்குப் பிறகு, சாப்பாடு தொடங்கும்போது.

ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு கட்டியான சாப்பாடு தொடங்க வேண்டும். எவ்வளவு கட்டி? கரண்டியைச் சரித்தால் வழிந்து ஓடக் கூடாது. பிள்ளையின் வயிறு சின்னது, ஒரு சின்னக் கோப்பை அளவு. அதில் தண்ணியை நிரப்பினால் சோற்றுக்கு இடம் ஏது? முதலில் இரண்டு மூன்று கரண்டி, பிறகு அரைக் கோப்பை, நாளைக்கு இரண்டு மூன்று தடவை. ஒன்பது மாதத்தில் அரைக் கோப்பை, மூன்று நாலு தடவை. ஒரு வயதுக்குப் பிறகு முக்கால் கோப்பையிலிருந்து முழுக் கோப்பை. தாய்ப்பால் இரண்டு வயது வரையும், அதற்குப் பிறகும் கொடுக்கலாம்.

வெறும் சோறும் கோதுமை மா ரொட்டியும் போதாது. பருப்பு, முட்டை, மீன், கீரை, பூசணி, பப்பாசி என்று கலந்து போக வேண்டும். இந்தக் கரையில் இருக்கிற உங்களுக்கு மலைக்காரரிடம் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. கடல் பக்கத்தில். சூடையும் சாளையும் விலை குறைந்த மீன் என்று தள்ளாதீர்கள். முள்ளை நன்றாகப் பார்த்து எடுத்து, சோற்றோடு மசித்துக் கொடுங்கள். வேலியில் முருங்கை நிற்கிறது. மலையில் இருக்கிற நமக்கு இங்கிருந்து வருவது கருவாடுதான். அதில் உப்பு கூட, பிள்ளைக்கு வேண்டாம். உப்புப் போடாத நெத்தலி கிடைத்தால் கழுவிக் காய வைத்து வறுத்து இடித்து வையுங்கள்.

கிளினிக்கில் தருகிற திரிபோஷா பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் உரியது. 1973இலிருந்து இந்த நாட்டில் கொடுத்து வருகிறார்கள். அது வீட்டுக்கு வந்ததும் உருண்டை பிடித்து எல்லாரும் ஆளுக்கொன்று சாப்பிடுகிறோம். பசி இருக்கிற வீட்டில் அது நடக்கும், நான் கோபிக்கவில்லை. ஆனால் பிள்ளையின் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு மற்றவர்களுக்குக் கொடுங்கள். 2022 நெருக்கடியில் சின்னப் பிள்ளைகளுக்கான திரிபோஷா நின்று போனபோது எத்தனை கொப்பிகளில் கோடு படுத்தது என்று மிட்வைப்மாரைக் கேட்டால் சொல்வார்கள்.

இனி நம் தொழிலைப் பற்றியே ஒரு வார்த்தை. நாம் பறிக்கிற கொழுந்து உலகமெல்லாம் போகட்டும். நம் கைப்பிள்ளையின் வயிற்றுக்குள் மட்டும் போக வேண்டாம். தேயிலையில் இருக்கிற துவர்ப்பு, சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் பிடித்து வைக்கிறது. இரும்பு குறைந்தால் இரத்தம் குறையும். இரத்தம் குறைந்த பிள்ளை சோர்ந்து இருக்கும், சாப்பிடாது, படிப்பும் பிந்தும். கர்ப்பிணித் தாயும் இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு போடக் கூடாது. சோற்றோடும் உடனே தேத்தண்ணி வேண்டாம், ஒரு மணித்தியாலம் விடுங்கள்.

உடம்பு வளர்ந்தால் மட்டும் போதாது

வளர்ச்சி என்றால் நிறையும் உயரமும் மட்டும் இல்லை. பிள்ளை பார்க்க, சிரிக்க, புரள, உட்கார, நடக்க, பேச, மற்றவரோடு பழகக் கற்றுக்கொள்வதும் வளர்ச்சிதான்.

இரண்டு மாதமளவில் முகம் பார்த்துச் சிரிக்கும். நாலு மாதத்தில் தலை நிற்கும். சாய்க்காமல் உட்காருவது சில பிள்ளைக்கு நாலு மாதத்திலேயே வரும், சில பிள்ளைக்கு ஒன்பது மாதமாகும். தனியாக நடப்பது எட்டு மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை எப்போதும் வரலாம். ஆகவே பக்கத்துக் காம்பராப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்தது, என் பிள்ளை பதின்மூன்றிலும் நடக்கவில்லை என்று அழ வேண்டாம். சில பிள்ளை தவழாமலேயே எழுந்து நடந்துவிடும். ஒரு வயதளவில் முதல் சொல் வரும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல்லைச் சேர்க்கும்.

ஆனால் சில விசயங்களில் காத்திருக்கக் கூடாது. மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காத பிள்ளை. ஒன்பது மாதமாகியும் உட்காராத பிள்ளை. ஒன்றரை வயதாகியும் நடக்காத பிள்ளை, ஒரு சொல்லும் வராத பிள்ளை. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை. எந்த வயதிலும், தெரிந்த சொல்லையும் செய்த வேலையையும் மறந்து போகிற பிள்ளை. இவர்களை மிட்வைப்பிடமோ, சுகாதார வைத்திய அதிகாரியிடமோ காட்ட வேண்டும். "பேச்சு பிந்தி வரும், அவங்க அப்பாவும் அப்படித்தான்" என்று சொல்லிச் சொல்லி ஐந்து வயதில் என் வகுப்புக்கு வந்த ஒரு பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்பதை வகுப்பில்தான் கண்டுபிடித்தோம். ஐந்து வருடம் அந்தப் பிள்ளையை நாம் எல்லாரும் "மந்தம்" என்று கூப்பிட்டிருக்கிறோம்.

பிள்ளையோடு பேசினால் என்ன பயன் என்று கேட்கிறவர்களுக்கு ஜமைக்காவிலிருந்து ஒரு செய்தி. அதுவும் நம்மைப் போல, வெள்ளைக்காரன் தோட்டம் போட்ட தீவுதான். அங்கே கிங்ஸ்ரன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் 1986-87இல், ஒன்பது மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட, வயதுக்கேற்ற உயரமில்லாத 129 பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தார்கள். சாலி கிரந்தம்-மெக்கிரெகர் என்ற டாக்டரம்மாவும் அவருடைய குழுவும் செய்த வேலை அது. ஒரு பகுதிப் பிள்ளைகளின் வீட்டுக்கு, கிராமத்து மிட்வைப் மாதிரியான பெண்கள் வாரம் ஒரு தடவை போனார்கள். வீட்டில் கிடக்கிற பொருளில் செய்த விளையாட்டுச் சாமான், படம், பாட்டு. பிள்ளையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டிக் கொடுத்தார்கள். இரண்டு வருடம், அவ்வளவுதான். இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். விளையாட்டுக் கிடைத்த பிள்ளைகள், கிடைக்காத பிள்ளைகளைவிட நூற்றுக்கு 25 வீதம் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். சத்துணவு மட்டும் கிடைத்தவர்களுக்கு அந்தளவு நிலைக்கவில்லை. சோறும் வேண்டும், பேச்சும் வேண்டும்.

நம்மிடம் என்ன இல்லை? யோகட் கோப்பை இருக்கிறது, தேங்காய்ச் சிரட்டை இருக்கிறது, போத்தல் மூடி இருக்கிறது. மூடியைத் தனியாகக் கொடுக்காதீர்கள், விழுங்கிவிடும். போத்தலுக்குள் போட்டு இறுக்கி மூடினால் கிலுகிலுப்பை. அம்மாயிமாரிடம் தாலாட்டும் விடுகதையும் இருக்கின்றன. போனைக் கையில் கொடுத்துச் சோறூட்டுகிற பழக்கத்தை விட்டு, பிள்ளையின் முகத்தைப் பார்த்து "இது பருப்பு, இது மீன், ஆ காட்டு" என்று சொல்லி ஊட்டுங்கள். ஊட்டுகிற பத்து நிமிடமும் பாடம்தான்.

இது தாயின் தலையில் மட்டும் போடுகிற வேலை இல்லை

இவ்வளவும் கேட்டுவிட்டு ஒரு தங்கச்சி மனதுக்குள் கேட்பாள்: "டீச்சர், காலையில ஆறரைக்குப் பிரட்டுக்குப் போறேன். சாயந்திரம் வந்து தண்ணி பிடிக்கணும், விறகு பொறுக்கணும். எப்ப விளையாடுறது?" நியாயமான கேள்வி. பிள்ளையின் கோடு தாயின் வேலை நேரத்தோடு கட்டிக் கிடக்கிறது. சங்கம் இதில் ஏன் தலையிட வேண்டும் என்பதற்கு அதுதான் பதில்.

சட்டத்தில் நமக்கு என்ன இருக்கிறது என்று தெரிந்து வையுங்கள். 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். பிரசவத்துக்கு முந்திய ஒரு வருடத்தில் 150 நாள் வேலை செய்த பெண்ணுக்கு இந்த நன்மை உண்டு. முன்பு மூன்றாவது பிள்ளைக்கு லீவைக் குறைத்தார்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். அதே சட்டத்தில் இன்னொன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் தாய்க்கு, ஒன்பது மணித்தியாலத்துக்குள் இரண்டு தடவை பால் கொடுக்க நேரம் விட வேண்டும். பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொரு தடவையும் குறைந்தது அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். சாப்பாட்டு நேரம் வேறு, இது வேறு.

கடதாசியில் நன்றாக இருக்கிறது. மலையில் எப்படி? ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். பால் கொடுக்கிற தாய்மாரைத் தூர மலைக்குப் போட்டார்கள். பிள்ளைக்காம்பராவுக்கு இறங்க இருபது நிமிடம், ஏற அதற்கும் மேல். அரை மணித்தியாலம் நடையிலேயே முடிந்துவிடும். போய் வந்தால் நோம் கொழுந்து வராது, அரைப் பேர்தான் விழும். ஆகவே யாரும் போகவில்லை. பால் கட்டி, மார்பு வலிக்க, சேலைத் தலைப்பில் பிழிந்து விட்டுவிட்டுக் கொழுந்து எடுத்தார்கள். பிள்ளை கீழே சீனித் தண்ணி குடித்தது.

மாதர் தலைவி ஒருவர்தான் வழி கண்டுபிடித்தார். கிளினிக் கொப்பிகளை வாங்கி வரச் சொன்னார். ஏழு பிள்ளைகளின் கொப்பி. ஏழிலும் தாய் வேலைக்குத் திரும்பிய மாதத்திலிருந்து கோடு படுத்திருந்தது. அந்த ஏழு கொப்பியையும் சட்டத்தின் பிரதியையும் எடுத்துக்கொண்டு தோட்டக் கமிட்டி ஒப்பீசுக்குப் போனது. கோசம் போடவில்லை. கொப்பிகளை மேசையில் வரிசையாக விரித்து வைத்தார்கள். மூன்று பேச்சுவார்த்தை நடந்தது. பால் கொடுக்கிற தாய்மாருக்குக் கிட்ட மலை என்று முடிவாயிற்று. போய் வருகிற நேரத்துக்கு அரைப் பேர் போடுவதில்லை என்றும் ஒத்துக்கொண்டார்கள். எல்லாப் பிள்ளையின் கோடும் எழும்பியது என்று பொய் சொல்ல மாட்டேன். ஐந்து எழும்பியது. இரண்டு பிள்ளைக்கு இன்னும் வைத்தியம் நடக்கிறது. ஆனால் அந்தத் தோட்டத்தில் இன்றைக்கு எல்லாத் தாய்க்கும் தன் பிள்ளையின் நிறை மனப்பாடம்.

கடலுக்கு அப்பால், நம் முன்னோர் விட்டு வந்த மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்திலும் இதே வழியில் ஒரு வேலை நடந்தது. 1980இல் தமிழ்நாட்டு அரசாங்கம் ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஊருக்கு ஊர் ஒரு பெண் ஊழியர். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையான பிள்ளைகளை மாதா மாதம் நிறுத்தார்கள். கோடு படுத்த பிள்ளைக்கு மட்டும் சத்துருண்டை, நிறை தேறும் வரைக்கும். மோசமான நிலையில் இருந்த பிள்ளைகளின் தொகை இறங்கியது. தராசும், அதைப் பார்க்கிற ஒரு ஆளும், பார்த்ததும் செய்ய ஒரு வேலையும் இருந்தால் நடக்கும் என்று அது காட்டியது.

பிள்ளைக்காம்பராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர்ப் பலகை மாறியிருக்கிறது. பயிற்சி எடுத்த உத்தியோகத்தர் இருக்கிற இடங்களில் நல்ல வேலையும் நடக்கிறது. அந்த ஆயாமாரைக் குறைவாக நினைக்காதீர்கள். நம் பிள்ளையின் முதல் டீச்சர் அவர்தான், என் வகுப்புக்கு வருகிறபோது பாதிப் பாடம் அவர் முடித்திருக்கிறார். ஆனால் எத்தனை இடத்தில் தராசு சரியாக இருக்கிறது? உயரம் அளக்கிற பலகை இருக்கிறதா? பகல் சாப்பாடு சூடாகக் கிடைக்கிறதா? இங்கே வன்னியில் வயலுக்கும் கருவாட்டு வாடிக்கும் நாட்கூலிக்குப் போகிற நம் பெண்களுக்கு அந்தப் பிள்ளைக்காம்பராவும் இல்லை. மரத்தடித் தொட்டிலும் மூத்த பெண்பிள்ளையும்தான். அந்த மூத்தவள் பாடசாலைக்கு வராத காரணமும் அந்தத் தொட்டில்தான். ஒரு பிள்ளையைக் காக்க இன்னொரு பிள்ளையின் படிப்பைக் கொடுக்கிறோம்.

அப்பாமாருக்கு ஒரு வார்த்தை. சிரிக்காதீர்கள், கேளுங்கள். சம்பள நாளில் கடைக்குப் போகிறபோது முதலில் பிள்ளைக்கு முட்டை வாங்குங்கள், மற்றது பிறகு. கர்ப்பிணி மனைவியின் தலையில் விறகுக்கட்டு ஏறக் கூடாது. அடுப்புப் புகை போக வழி செய்யுங்கள், பிள்ளையின் நெஞ்சுச் சளி குறையும். குடிக்கிற தண்ணியைக் கொதிக்க வையுங்கள், மலசலகூடத்துக்குப் போய் வந்து கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ஒவ்வொரு வயிற்றோட்டமும் பிள்ளையின் கோட்டில் ஒரு பள்ளம். கிளினிக்குக்கு ஒரு மாதம் நீங்கள் தூக்கிக்கொண்டு போங்கள். போய் வந்தவர்கள் சொல்லட்டும், ஆம்பிளை கௌரவம் ஒன்றும் குறையாது.

இன்றைக்கு இங்கே முடிவெடுப்போம்

சங்கத்தின் சார்பில் நான் கேட்பது நாலு விசயம். ஒன்று, ஒவ்வொரு தோட்டக் கமிட்டிக் கூட்டத்திலும் சம்பளப் பிரச்சினைக்கு அடுத்தபடியாகப் பிள்ளை நிறுவை பேசப்பட வேண்டும். எத்தனை பிள்ளை, எத்தனை பேர் நிறுத்தார்கள், எத்தனை கோடு படுத்திருக்கிறது. பெயர் சொல்லி யாரையும் வெட்கப்படுத்தக் கூடாது, எண்ணிக்கை போதும். இரண்டு, பால் கொடுக்கிற நேரத்தை மறுக்கிற இடத்தின் விபரத்தை எழுதிச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். மூன்று, பிள்ளைக்காம்பராவின் தராசு, அளவுப் பலகை, பகல் சாப்பாடு மூன்றையும் மாதர் தலைவி மாதம் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். நாலு, இந்தப் பக்கத்தில் நாட்கூலிக்குப் போகிற தாய்மாருக்குப் பகல் பராமரிப்பு இடம் ஒன்று கேட்டுப் பிரதேச செயலகத்துக்கு மனுக் கொடுக்க வேண்டும். இன்றைக்கு வந்திருக்கிற எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

ஆயிரம் ரூபாச் சம்பளத்துக்கு எத்தனை வருடம் போராடினோம் என்று உங்களுக்குத் தெரியும். 2021இல்தான் கிடைத்தது. அதற்குள் விலைவாசி எங்கேயோ போய்விட்டது. அந்தப் போராட்டம் தொடங்கிய வருடத்தில் பிறந்த பிள்ளைகள் அது முடிவதற்குள் என் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். சம்பளத்துக்கு நிலுவை வாங்கலாம். ஆறாம் மாதத்துச் சாப்பாட்டுக்கு நிலுவை வாங்க முடியாது.

பின் வரிசையில் கூட்டம் தொடங்கியதிலிருந்து ஒரு குட்டிப் பயல் பெஞ்சைப் பிடித்து எழுந்து நிற்பதும் பொத்தென்று உட்காருவதுமாக இருக்கிறான். பதினோரு மாதம் என்று அவன் அம்மா சொன்னார். இப்போது பாருங்கள், கையை விட்டுவிட்டான். யாரும் பிடிக்காதீர்கள், நிற்கட்டும்.

வெளியே மர நிழலில் மிட்வைப் தராசோடு காத்திருக்கிறார். கொப்பி கொண்டு வந்தவர்கள் வரிசையாக வாருங்கள். கொண்டு வராதவர்களும் வாருங்கள். முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பாருங்கள்.